துணிக்கைச் சிதைவு சிமுலேஷன்: எந்த எண் எந்தச் சட்டகத்தில்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பௌதிகவியல் படிக்கிறீர்கள், இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் துணிக்கைச் சிதைவை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை, ஒரு லப்டொப் போதும் என்று சேர்மார் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஆய்வுகூடத்தில் சுற்றைப் பிழையாகப் பொருத்தினால் ஊசி அசையாது, உடனே தெரிந்துவிடும். இங்கே பிழையாகச் செய்தாலும் வரைபடம் வழவழவென்று அழகாக வரும்.

நானும் இறுதியாண்டு முழுக்க இதோடு மல்லுக்கட்டித்தான் கரைசேர்ந்தேன். பிறகு தம்பி தங்கைமார் கொண்டுவந்து காட்டும் நிரல்களையும் பார்த்து வருகிறேன். அநேகமான பிழைகள் ஒரே வகை: ஒரு சட்டகத்தில் எடுத்த எண்ணை இன்னொரு சட்டகத்தில் பாவிப்பது. துணிக்கையோடு கூடவே போகிறவர் அளக்கும் எண் வேறு, ஆய்வுகூடத்தில் நிற்கிறவர் அளக்கும் எண் வேறு. இதைத் தெரியாதவர் இல்லை. நிரல் எழுதும்போது கைநழுவி விடுகிறது, அவ்வளவுதான். அதோடு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் சோதனை ஒன்று உண்டு: சேய்த் துணிக்கைகளிலிருந்து (சிதைகிற துணிக்கை தாய், அதிலிருந்து பிறப்பவை சேய்கள்) தாயின் திணிவைத் திரும்பக் கணித்து, வரைபடத்தில் சிகரம் சரியான இடத்தில் வருகிறதா என்று பார்ப்பது. அந்தச் சோதனை சட்டகப் பிழைகளில் பெரும்பாலானவற்றைக் காட்டவே காட்டாது. ஏன் என்று 6ஆம் படியில் சொல்கிறேன்.

1. எதை இறக்குவது, என்ன செலவு

மென்பொருள் எல்லாம் இலவசம். செலவு டேட்டாவுக்குத்தான். தொடக்கத்தில் பைதன், எண் அணிகளுக்கு நம்பை, வரைபடத்துக்கு மட்பிளொட்லிப் மூன்றும் போதும். சேர்ன் ஆய்வகத்தின் ரூட் மென்பொருளை முதல் நாளே இறக்கப் போகாதீர்கள். அது தனியாகவே சில நூறு மெகாபைட்; கொண்டா என்ற பொதி நிறுவி வழியாகப் போட்டால் கூட வரும் துணைப் பொதிகளோடு ஜிகாபைட்டைத் தாண்டும். கட்டாயம் வேண்டுமென்றால் உங்கள் டேட்டா பொதியில் இரவுப் பங்கு இருக்கிறதா பாருங்கள், அல்லது கம்பஸ் இணைப்பில் இறக்குங்கள். விண்டோஸ் லப்டொப்பில் அதற்கு லினக்ஸ் துணையமைப்பு ஒன்றும் வேண்டிவரலாம். அதுவும் பெரிய இறக்கம்தான்.

லப்டொப் பழசு என்றால் கூகிள் கோலாப் இருக்கிறது. உலாவியிலேயே ஓடும். இணைப்பு நீண்ட நேரம் அறுந்தால் அமர்வு போய்விடும். கணித்து வைத்த எண்களும் அதோடு போகும். கார்த்திகை, மார்கழி மாரியில் நம் பக்கம் கரண்டும் இணைப்பும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீண்ட ஓட்டங்களை அந்த மாதங்களுக்குத் தள்ளி வைக்காதீர்கள்; தள்ளினால் ஒவ்வொரு கட்டத்தையும் கோப்பாகச் சேமித்துக்கொண்டே போங்கள்.

நேரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். பத்து இலட்சம் இருதுணிக்கைச் சிதைவுகள் நம்பை அணிகளாக எழுதினால் சில செக்கன்களில் முடியும். ஒவ்வொரு நிகழ்வாகச் சுற்று எழுதினால்தான் தேநீர் குடித்துவிட்டு வரவேண்டும்.

2. எண் தாள்

நிரலுக்கு முன் ஒரு தாள் தயார்செய்யுங்கள். திணிவு, ஆயுள், சிதைவு வழி, அந்த வழியின் பங்கு, எண்ணை எடுத்த அட்டவணையின் ஆண்டு. எண்களைத் துணிக்கைத் தரவுக் குழுவின் அட்டவணையிலிருந்து எடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சக்தி, திணிவு, உந்தம் மூன்றையும் மெகா இலத்திரன்வோல்ற்றில், சுருக்கமாக மெ.இ.வோ. என்றே எழுதுகிறேன், ஒளிவேகத்தை 1 என்று எடுப்பதுதான் இத்துறை வழக்கம். பழகுவதற்கு இவை போதும்:

மின்னேற்றப் பயோன்: திணிவு 139.570 மெ.இ.வோ., ஆயுள் 26.03 நனோசெக்கன்.
நடுநிலைப் பயோன்: திணிவு 134.977 மெ.இ.வோ.; பிறந்த இடத்திலேயே இரண்டு போட்டன்களாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாம்.
மியூவன்: திணிவு 105.658 மெ.இ.வோ., ஆயுள் 2.197 மைக்ரோசெக்கன்.
குறுவாழ்வு நடுநிலைக் கேயோன்: திணிவு 497.611 மெ.இ.வோ.; ஒளிவேகத்தை ஆயுளால் பெருக்கினால் 2.68 செ.மீ.

ஆண்டை ஏன் எழுதச் சொல்கிறேன்? எண்கள் மாறும். லம்டா துணிக்கை புரோத்தனும் பயோனுமாகச் சிதையும்போது வரும் சமச்சீரின்மை எண் பழைய அட்டவணைகளில் 0.64 அளவில் இருந்தது. 2019க்குப் பின்னர் வந்தவற்றில் 0.75 அளவில் இருக்கிறது. பழைய ஆய்வறிக்கை ஒன்றைப் பார்த்து எண்ணை எடுத்தவர் புதிய தரவோடு ஒப்பிட்டால் தலை சுற்றும்.

இந்தத் தாளில் இரண்டு பொறி. ஒன்று, உயர்தரத்தில் நமக்கு அரை ஆயுட்காலம் பழக்கம். அட்டவணையில் இருப்பது சராசரி ஆயுள். அரை ஆயுட்காலம் அதன் 0.693 மடங்கு. மியூவனுக்கு 2.197 மைக்ரோசெக்கன் சராசரி; அரை ஆயுட்காலம் 1.52 மைக்ரோசெக்கன். மற்றது, அந்த ஆயுள் துணிக்கையின் ஓய்வுச் சட்டகத்தில் உள்ளது. தாளில் எண்ணுக்குப் பக்கத்திலேயே 'ஓய்வு' என்று எழுதிவிடுங்கள்.

3. சட்டகத் தாள்

இன்னொரு தாள். நிரலில் வரப்போகும் ஒவ்வொரு கணியத்தையும் எழுதி, அது எந்தச் சட்டகத்தில் என்று எதிரே குறியுங்கள். பொதுவாக இரண்டு சட்டகம்: தாய்த் துணிக்கை அசையாமல் நிற்பதாகப் பார்க்கும் ஓய்வுச் சட்டகம், நாம் நிற்கும் ஆய்வுகூடச் சட்டகம். மோதல் நிகழ்வு என்றால் மூன்றாவதாகத் திணிவு மையச் சட்டகம் வரும். மோதும் கற்றைகள் இரண்டுக்கும் சம சக்தி என்றால் அதுவும் ஆய்வுகூடச் சட்டகமும் ஒன்றே. ஜப்பானின் சூப்பர்கெக்பி என்ற துணிக்கை மோதுகருவி போன்ற இடத்தில் அப்படி இல்லை. அங்கே இலத்திரன் 7 ஜிகா இலத்திரன்வோல்ற் (ஜி.இ.வோ.), பொசித்திரன் 4 ஜி.இ.வோ. மோதலில் மொத்தத் தொகுதியே இலத்திரன் பக்கமாக நகரும். உந்தத்தைத் திணிவால் வகுத்தால் சுமார் 0.28. திணிவு மையச் சட்டகத்தையும் ஆய்வுகூடத்தையும் ஒன்றென்று எடுத்தால் கோணங்கள் எல்லாம் பிழைக்கும்.

பிறகு அந்தக் குறிப்பை மாறியின் பெயரிலேயே ஏற்றுங்கள். உந்தம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். உந்தம்_ஓய்வு, உந்தம்_கூடம் என்று வையுங்கள். பைதன் 3 தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கும். விரும்பினால் அப்படியே தமிழில் எழுதலாம், நான் எழுதினேன். (வரைபடத் தலைப்பில் மட்டும் கவனம், மட்பிளொட்லிப்பில் தமிழ் எழுத்து உடைந்து வரலாம்.) இந்த ஒரு பழக்கம் போதும், பாதிப் பிழையை எழுதும்போதே கண் பிடித்துவிடும்: ஓய்வு என்று முடியும் ஒன்றும் கூடம் என்று முடியும் ஒன்றும் ஒரே கூட்டலில் வந்தால் அங்கே ஏதோ பிழை.

4. ஓய்வுச் சட்டகத்தில் சிதையுங்கள்

இருதுணிக்கைச் சிதைவில் இரண்டு சேய்களும் சம உந்தத்தோடு எதிரெதிர்த் திசையில் போகும். உந்தத்தின் அளவு திணிவுகளால் மட்டும் தீர்மானிக்கப்படும். மின்னேற்றப் பயோன் மியூவனும் நியூத்திரினோவுமாகும்போது: பயோன் திணிவு வர்க்கத்திலிருந்து மியூவன் திணிவு வர்க்கத்தைக் கழித்து, பயோன் திணிவின் இரண்டு மடங்கால் வகுங்கள். 29.79 மெ.இ.வோ. வரும். மியூவனின் சக்தி 109.78 மெ.இ.வோ. உங்கள் நிரல் இந்த இரண்டு எண்ணையும் தரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

திசையை எழுமாற்றாக எடுக்கும்போது கோணத்தைச் சீராக எடுக்கக்கூடாது. கோணத்தின் கோசைனை −1 முதல் 1 வரை சீராக எடுக்கவேண்டும். கோணத்தைச் சீராக எடுத்தால் அச்சின் இரு முனைகளிலும் 30 பாகைக்குள் மூன்றில் ஒரு பங்கு நிகழ்வு குவியும். உண்மையில் அங்கே 13.4 சதவீதம்தான் இருக்கவேண்டும்.

இந்தச் சமச்சீர் ஓய்வுச் சட்டகத்துக்கு மட்டுமே உரியது. ஆய்வுகூடச் சட்டகத்தில் நேரடியாகத் திசையை எழுமாற்றாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேகமாகப் போகும் தாயின் சேய்கள் ஆய்வுகூடத்தில் முன்பக்கமாகக் குவிந்துதான் போகும்.

5. பூஸ்ட்

ஓய்வுச் சட்டகத்திலிருந்து ஆய்வுகூடச் சட்டகத்துக்குக் கொண்டுவரும் லோரன்ஸ் மாற்றத்தைத்தான் எல்லோரும் பூஸ்ட் என்கிறோம். தேவையானவை இரண்டே எண். பீட்டா: தாயின் ஆய்வுகூட உந்தத்தைத் தாயின் ஆய்வுகூடச் சக்தியால் வகுத்தது, இது திசையுள்ள கணியம். காமா: தாயின் ஆய்வுகூடச் சக்தியைத் தாயின் திணிவால் வகுத்தது. இரண்டிலும் 'தாயின்' என்பதைக் கவனியுங்கள். சேயின் வேகம் பூஸ்டுக்குள் எங்குமே வராது.

ஆய்வுகூடச் சக்தி = காமா × (ஓய்வுச் சக்தி + பீட்டாவுக்கும் ஓய்வு உந்தத்துக்கும் உள்ள புள்ளிப் பெருக்கம்). உந்தத்தில் பீட்டாவின் திசையில் உள்ள கூறு = காமா × (ஓய்வுக் கூறு + பீட்டாவின் அளவு × ஓய்வுச் சக்தி). செங்குத்துக் கூறு மாறாது. இரண்டு இடத்திலும் கூட்டல் குறி.

பாடநூலில் கழித்தல் குறி இருக்கிறதே என்பீர்கள். அங்கே நின்றுகொண்டிருப்பவரிடமிருந்து ஓடுகிறவரின் சட்டகத்துக்குப் போகிறார்கள். நமக்கு வேண்டியது திரும்பி வரும் பாதை. பாடநூல் சமன்பாட்டைப் பார்த்து அப்படியே தட்டுவதுதான் மிகப் பரவலான பிழை. இதற்கு ஒரு நிமிடச் சோதனை உண்டு. சேய்களை விடுங்கள், அசையாமல் நிற்கும் தாயையே, அதாவது சக்தி தாயின் திணிவு, உந்தம் பூச்சியம் என்ற நான்கு எண்களை, உங்கள் பூஸ்ட் சார்புக்குள் போடுங்கள். வெளியே நீங்கள் தொடக்கத்தில் கொடுத்த தாயின் ஆய்வுகூடச் சக்தியும் உந்தமும் அப்படியே வரவேண்டும். உந்தம் எதிர்த்திசையில் வந்தால் குறி பிழை.

அச்சு இன்னொரு பொறி. பழகும்போது தாயை எப்போதும் இசட் அச்சில் ஓடவிடுவோம், அந்தச் சமன்பாடு சின்னது. பிறகு தாய்க்கு வேறு திசை கொடுப்போம். பூஸ்ட் மட்டும் பழையபடி இசட் திசையிலேயே நடக்கும். முதலிலேயே முப்பரிமாண வடிவில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சோதிக்கும்போதும் தாயைக் கோணலான திசை ஒன்றில் ஓடவிட்டுச் சோதியுங்கள்.

6. சோதனைகள்: எது எதைப் பிடிக்கும்

இதை ஆறுதலாக வாசியுங்கள். எல்லாவற்றையும் விட இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும்.

திணிவுச் சிகரம் ஏன் போதாது என்றால், அந்தத் திணிவு எந்தச் சட்டகத்திலும் மாறாத கணியம். குறியை மாற்றிப் பூஸ்ட் செய்தாலும் அதே திணிவுதான். இரண்டு முறை பூஸ்ட் செய்தாலும், பிழையான அச்சில் செய்தாலும் அதேதான். பூஸ்டே செய்யாமல் விட்டாலும் சிகரம் 139.57இல் ஜம்மென்று நிற்கும். சட்டகத்தைப் பொருட்படுத்தாத ஒன்றைக் கொண்டு சட்டகப் பிழையைத் தேட முடியாது. சேய் ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்தால் பூஸ்ட் செய்வது, உந்தத்தை மாற்றிவிட்டுச் சக்தியை மாற்ற மறப்பது போன்றவற்றைத்தான் அது பிடிக்கும். ஆகவே அதைச் செய்யுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

சரி, எதைச் செய்வது? 1,000 மெ.இ.வோ. சக்தியுள்ள மின்னேற்றப் பயோனை எடுங்கள். காமா 7.165, பீட்டா 0.9902, உந்தம் 990.2 மெ.இ.வோ.

முதலில் மியூவன் சக்தியின் வரைபடம். ஆய்வுகூடத்தில் அது 575.2இலிருந்து 997.9 மெ.இ.வோ. வரை தட்டையாக, பலகை மாதிரி இருக்கவேண்டும். நியூத்திரினோ 2.1இலிருந்து 424.8 வரை. ஒன்றின் கீழ் எல்லையும் மற்றதன் மேல் எல்லையும் கூட்டினால் 1,000. பலகை தட்டையாக இல்லாமல் இரண்டு ஓரத்திலும் உயர்ந்திருந்தால் 4ஆம் படியின் கோணப் பிழை. எல்லைகள் தள்ளியிருந்தால் காமா பிழை. அநேகமாகத் தாயின் சக்தியைச் சேயின் திணிவால் வகுத்திருப்பீர்கள். மொத்தச் சக்தி 14,190 மெ.இ.வோ. அளவில் வந்தால் இரண்டு முறை பூஸ்ட் ஆகியிருக்கிறது.

ஆனால் குறிப் பிழையை இந்த வரைபடமும் காட்டாது. ஓய்வுச் சட்டகத்தில் முன்னும் பின்னும் சமமாகப் போவதால், குறி மாறினாலும் அதே பலகைதான் வரும். திணிவும் சரி, சக்தியும் சரி, நிரல் பிழை! அதனால் மூன்றாவது சோதனை கட்டாயம்: ஒவ்வொரு நிகழ்விலும் சேய்களின் ஆய்வுகூட உந்தங்களை மூன்று கூறாகக் கூட்டி, தாயின் உந்தத்தோடு கூறுக்குக் கூறு ஒப்பிடுங்கள். சராசரியைப் பார்க்கவேண்டாம், மிகப் பெரிய வித்தியாசத்தைப் பாருங்கள். குறிப் பிழையும் அச்சுப் பிழையும் இதில் தப்பாது.

கோணமும் நல்ல சாட்சி. அந்த 1,000 மெ.இ.வோ. பயோனிலிருந்து வரும் மியூவன் பயோனின் திசையிலிருந்து 2.28 பாகைக்கு மேல் விலகவே முடியாது. நடுநிலைப் பயோன் எடுப்பவர்களுக்கு, அதே சக்தியில் இரண்டு போட்டன்களுக்கும் இடையிலான கோணம் 15.5 பாகைக்குக் குறையவே கூடாது. அதன் அரைவாசியின் சைன், திணிவைச் சக்தியால் வகுத்தது. ஒரே ஒரு நிகழ்வு எல்லையை மீறினாலும் அதைப் பிடித்து வைத்துப் பாருங்கள், 'புள்ளிவிவர ஏற்ற இறக்கம்' என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, சட்டகப் பிழை போலவே வேடம் போடும். எண்களை 32 பிட்டில் சேமித்தால் மிக வேகமான துணிக்கையின் திணிவு குப்பையாகும். 1,000 ஜி.இ.வோ. நடுநிலைப் பயோனின் சக்தி வர்க்கம் மெ.இ.வோ. கணக்கில் 10¹². அந்த அளவில் 32 பிட்டின் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி 65,536. நாம் தேடும் திணிவு வர்க்கமோ 18,219தான். பூஸ்ட் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் அதைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். நம்பையின் இயல்பான 64 பிட்டையே வைத்திருங்கள்.

7. ஆயுளும் தூரமும்

ஆயுளை ஓய்வுச் சட்டகத்தில் அடுக்குக்குறிப் பரம்பலிலிருந்து எடுங்கள். நம்பையின் சார்பு சராசரியைக் கேட்கும். பைதனின் சொந்த ரேண்டம் தொகுப்பில் உள்ளது அதன் தலைகீழைக் கேட்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது கவனம்.

பிறகு ஆய்வுகூடத்தில் பயணித்த தூரம் = எடுத்த ஆயுள் × ஒளிவேகம் × (உந்தம் ÷ திணிவு). உந்தத்தைத் திணிவால் வகுப்பதில் காமாவும் பீட்டாவும் இரண்டுமே அடங்கிவிட்டன. அதனால் காமாவை மறப்பதோ இரண்டு முறை போடுவதோ நடக்காது. மேலே சொன்ன பயோனுக்குச் சராசரித் தூரம் 55.4 மீற்றர். 7.7 மீற்றர் வந்தால் காமா விடுபட்டுவிட்டது. 400 மீற்றருக்குக் கிட்ட வந்தால் ஏற்கெனவே காமாவால் நீட்டிய ஆயுளை மறுபடியும் நீட்டியிருக்கிறீர்கள்.

இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று பார்க்க மியூவன்தான் தோது. 15 கி.மீ. உயரத்தில் பிறந்து கீழ்நோக்கி வரும் 3 ஜி.இ.வோ. உந்தமுள்ள மியூவனின் சராசரித் தூரம் 18.7 கி.மீ. மட்டக்களப்பு நகரிலிருந்து வந்தாறுமூலைக்கு பஸ்ஸில் போகும் தூரத்தோடு ஏறக்குறைய ஒக்கும். வளியில் சக்தி இழப்பை விட்டுவிட்டுக் கணித்தால் நூற்றுக்கு 45 மியூவன்கள் தரைக்கு வரும். காமா இல்லாமல் கணித்தால் ஆயிரம் கோடியில் ஒன்றிரண்டு. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவன் வந்துகொண்டிருக்கிறது. காமா இல்லாத விடை எவ்வளவு தூரம் தப்பு என்று இதிலேயே தெரியும். உண்மையான மியூவன் வளிமண்டலத்தைக் கடக்கையில் சுமார் 2 ஜி.இ.வோ. இழக்கும். அதைச் சேர்ப்பது அடுத்த கட்டம், முதல் அறிக்கைக்குத் தேவையில்லை. 'சேர்க்கவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சிதைந்த இடம் ஆய்வுகூடத்து ஆள்கூறு. தாய் பிறந்த இடத்தோடு, தாயின் திசையில் இந்தத் தூரத்தைக் கூட்டினால் வந்தது. சேய்களின் தொடக்க இடமாக அதை அப்படியே வையுங்கள், அதன் மேல் இன்னொரு பூஸ்ட் போடாதீர்கள்.

8. சங்கிலிச் சிதைவு

கேயோன் இரண்டு பயோன்களாகி, பயோன் மியூவனாகும் சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். சுலபமான ஒழுங்கு: கேயோனைச் சிதைத்து, பயோன்களை உடனே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு பயோனையும் புதுத் தாயாக எண்ணி 4ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். இதில் வழக்கமான பிழை, பயோனின் ஓய்வுச் சட்டகத்தில் எடுத்த மியூவனைக் கேயோனின் வேகத்தால் பூஸ்ட் செய்வது. நடுவில் ஒரு படி தொலைந்துபோகும். 6ஆம் படியின் உந்தக் கூட்டலை ஒவ்வொரு கண்ணியிலும் செய்தால் அகப்படும்.

படிப்படியாக, பயோன் ஓய்விலிருந்து கேயோன் ஓய்வுக்கு, அங்கிருந்து ஆய்வுகூடத்துக்கு என்றும் போகலாம். ஆனால் ஒரே எழுமாற்று எண்களை வைத்து இரண்டு வழியையும் நிகழ்வுக்கு நிகழ்வு ஒப்பிட்டால் மியூவனின் திசை ஒத்துவராது. பயப்படவேண்டாம். ஒரே கோட்டில் இல்லாத இரண்டு பூஸ்ட்டுகளை அடுத்தடுத்துச் செய்தால் கூடவே ஒரு சுழற்சியும் வரும், விக்னர் சுழற்சி என்பார்கள். பயோனுக்குச் சுழல் இல்லை, அதன் சிதைவுக்கு விருப்பமான திசையும் இல்லை. அதனால் பரம்பல்கள் ஒன்றாகவே வரும். சுழல் உள்ள துணிக்கை என்றால் கதை வேறு. பயோனிலிருந்து வரும் மியூவனின் சுழல் ஒரு பக்கமாகவே இருக்கும். அதிலிருந்து வரும் இலத்திரனுக்கும் விருப்பமான திசை உண்டு. லம்டாவும் அப்படித்தான். அங்கே எந்த வழியில் வந்தீர்கள் என்பது விடையையே மாற்றும். முதல் செயற்றிட்டத்துக்கு லம்டாவைத் தவிர்க்கச் சொல்வேன். அடம்பிடித்து எடுப்பவர்கள் கோணம் அளக்கும் இரண்டு திசைகளையும் ஒரே சட்டகத்துக்குக் கொண்டுவந்த பிறகே அளக்கவேண்டும். ஆய்வுகூடத் திசைக்கும் ஓய்வுச் சட்டகத் திசைக்கும் இடையே கோணம் எடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

9. ரூட், பித்தியா பாவிப்பவர்களுக்கு

சொந்த நிரல் ஓடிய பிறகு இவற்றுக்கு வாருங்கள். ரூட்டின் லோரன்ஸ் வெக்டரில் பூஸ்ட்வெக்டர் என்று ஒன்று கிடைக்கும்; அதை அப்படியே பூஸ்டுக்குக் கொடுத்தால் ஓய்விலிருந்து ஆய்வுகூடத்துக்கு. ஆய்வுகூடத்திலிருந்து ஓய்வுக்குப் போகக் கழித்தல் குறியோடு கொடுக்கவேண்டும். வேறு தொகுப்பில் குறி எப்படி என்று கைநூலில் தேடுவதை விட, 5ஆம் படியின் ஒரு நிமிடச் சோதனையைப் போட்டுப் பார்ப்பது விரைவு.

ரூட்டின் டிஜென்ஃபேஸ்ஸ்பேஸ் வகுப்பு தாயின் நான்கு எண்ணையும் வாங்கி, சேய்களை ஏற்கெனவே பூஸ்ட் செய்தே தரும். அதை மறுபடி பூஸ்ட் செய்வதால்தான் 14,190 வருகிறது. நிகழ்வோடு ஒரு நிறையெண்ணையும் திருப்பித் தரும்; மூன்று சேய்களோ அதற்கு மேலோ என்றால் அது நிகழ்வுக்கு நிகழ்வு மாறும். வரைபடத்தில் அதைச் சேர்க்காவிட்டால் வடிவம் பிழைக்கும்.

மோதல் நிகழ்வுகளை உருவாக்கித் தரும் பித்தியா, ஆயுளை ஓய்வுச் சட்டகத்தில், ஒளிவேகத்தால் பெருக்கிய மில்லிமீற்றராகத் தரும், சக்தி ஜி.இ.வோ. துணிக்கை பொருளுக்குள் போவதைக் கணிக்கும் ஜியான்ட்4 உள்ளே மெ.இ.வோ., மில்லிமீற்றர், நனோசெக்கன். ஒன்றின் வெளியீட்டை மற்றதற்கு ஊட்டும்போது அலகு ஆயிரம் மடங்கு தவறினால் அதுவும் பூஸ்ட் பிழை போலவே தெரியும்.

10. அறிக்கையும் வைவாவும்

ஒவ்வொரு வரைபடத்தின் அச்சுத் தலைப்பிலும் சட்டகத்தின் பெயர் இருக்கட்டும். 'மியூவன் சக்தி' என்று மட்டும் எழுதினால் வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் வரும். எண் தாளையும் சட்டகத் தாளையும் பின்னிணைப்பாகச் சேருங்கள். மென்பொருட் பதிப்பு எண்களையும் எழுமாற்று எண்ணின் தொடக்க வித்தையும் அதிலேயே குறியுங்கள். மேற்பார்வையாளர் திரும்ப ஓட்டிப் பார்க்கச் சொன்னால் அதே நிகழ்வுகள் வரவேண்டும். 6ஆம் படியின் மூன்று சோதனை வரைபடங்களையும் முடிவுகளுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் ஒளிக்காதீர்கள். பரீட்சகர் அதைப் பார்த்துவிட்டால் பூஸ்ட் பற்றிக் கேட்பது குறையும்.

அச்சுச் செலவில் வண்ணப் பக்கங்கள்தான் கை கடிக்கும். வரைபடக் கோடுகளை நிறத்தால் வேறுபடுத்தாமல் முழுக்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு, புள்ளிக்கோடு என்று போட்டால் எல்லாப் பிரதியையும் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம். ஒப்படைக்கும் வாரத்தில் கம்பஸைச் சுற்றியுள்ள போட்டோகொப்பிக் கடைகளில் வரிசை நிற்கும். பைண்டிங்கும் சேர்த்தால் அன்றே கிடைக்காது. இரண்டு மூன்று நாள் முன்னதாகக் கொடுங்கள், பிடிஎஃப் கோப்பை பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொண்டு போங்கள்.